வன்னியின் வழிகளும் வண்டிகளும்

நெல் விளைவது வயலில். அது விலையாவது சந்தையில். இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் வழியைப் பற்றி நம் வரலாற்று நூல்கள் பெரிதும் பேசுவதில்லை. அரசர் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் நெட்டுருச் செய்து பரீட்சை எழுதும் மாணவர், ஒரு மூடை நெல் சூடடித்த களத்திலிருந்து உலைப்பானையை அடையும்வரை எவ்வழியால், எவர் தோளில், எத்தனை கைகள் மாறிச் சென்றது என்று கேட்பது அரிது. கற்பிப்போரும் அவர்களை அவ்வாறு கேட்கத் தூண்டுவதில்லை. வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றை இக்கேள்வியை முன்வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும். அவ்வாறு நோக்குமிடத்து, அந்நிலத்தின் வழிகளுட் பெரும்பாலானவை அந்நிலத்து மக்களுக்காக அமைக்கப்பட்டவை அல்ல என்பது புலப்படும்.

வன்னி என்னும் பெயர் காலந்தோறும் விரிந்தும் சுருங்கியும் வழங்கி வந்தது. ஈண்டு யாம் கருதுவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் மூன்று மாவட்டங்களும் அடங்கிய நிலப்பரப்பையே. இவற்றுள் முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலுமே தனி மாவட்டங்களாயின. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 5,860 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் நான்கு இலட்சத்துக்கும் குறைவு. நூற்றுக்கணக்கான குளங்கள், ஒவ்வொரு குளத்தின் கீழும் ஒரு வயல்வெளி, வெளிக்கும் வெளிக்கும் இடையே காடு: இதுவே அந்நிலத்தின் அமைப்பு. மழையோ பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. காலபோக நெல்லை வளர்க்கும் அம்மழையே மண்பாதைகளை அழிப்பதும் ஆகும். கிழக்குக் கரையில் முல்லைத்தீவுக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை, திறந்த கடல். அப்பருவத்தில் தோணி செலுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். மழை ஓய்ந்தபின் மாசி, பங்குனியில் நெல் முழுவதும் ஒருசேரக் களத்துக்கு வரும். வைக்க இடமில்லாதவன் அப்பொழுதே விற்றாக வேண்டும். வடக்கே குடாநாட்டுக்குச் செல்லும் தரைவழியோ ஆனையிறவு என்னும் ஒரு குறுகிய கழுத்து. அக்கழுத்தைப் பிடித்தவன் வழியைப் பிடித்தவனாவான். பின்வரும் செய்திகளுட் பல இவ்வியல்புகளிலிருந்து பிறந்தவையே.

வன்னி தனித்து ஒதுங்கிய காடு என்ற எண்ணம் பண்டைக் காலத்துக்குப் பொருந்தாது. மேற்கே மாதோட்டம் இந்து சமுத்திர வாணிகத்தின் பெருந்துறையாய் இருந்தது. அங்கிருந்து அநுராதபுரம் செல்லும் சாத்துகள் வன்னியின் தென்மேற்கு ஓரத்தைத் தொட்டே சென்றன. வடக்கே ஊராத்துறை, அதாவது இன்றைய ஊர்காவற்றுறை, யானையும் குதிரையும் ஏற்றியிறக்கும் துறையாய் விளங்கியது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறித்த தமிழ்ச் சாசனம் ஒன்று நயினாதீவில் உளது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் அத்துறைக்கு வந்திறங்கப் பாதுகாப்பு உண்டென்றும், யானை குதிரை கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசனின் பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் ஆகுமென்றும், ஏனைச் சரக்கேற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி என்றும் அது விதிக்கின்றது. வணிகனுக்கு நேரக்கூடிய இழப்பை முன்கூட்டியே வரையறுத்துச் சொன்ன இவ்வாணை, இக்காலக் காப்புறுதிப் பத்திரத்தை நினைவூட்டுவது. இன்ன துறையில் இன்னபடி நடக்கும் என்று வணிகன் அறிந்திருந்தால் சரக்கு வரும், அறியாவிடின் வாராது. எண்ணூறு ஆண்டுக்கு முந்திய மன்னனுக்குத் தெரிந்திருந்த இவ்வுண்மை பின்வந்த பலருக்குத் தெரியாமற் போயிற்று.

வன்னியிலிருந்து வெளிச்சென்ற சரக்குகளுள் நெடுங்காலம் முதலிடம் பெற்றது யானை. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். வன்னியர் தத்தம் பற்றுகளைத் தாமே ஆண்டுகொண்டு, திறையாக யானைகளைக் கொடுப்பது என்ற ஏற்பாடு நிலவியது. யானை ஓர் அதிசயச் சரக்கு. ஏற்றுவதற்கு வண்டி வேண்டா. தானே நடந்து செல்லும். ஆயினும் நாளொன்றுக்கு அது உண்ணும் இலையும் குடிக்கும் நீரும் கொஞ்சமல்ல. காட்டிற் பிடித்த யானையைப் பழகிய யானைகளின் இடையே பிணித்து, குளத்துக்குக் குளம் நடத்தி, தீனி வெட்டிப் போட்டு, ஆனையிறவின் ஆழமற்ற கடலேரியைக் கடத்தி, குடாநாட்டின் ஊடே ஓட்டிச் சென்று மரக்கலத்தில் ஏற்றினர். ஆனையிறவு என்ற பெயரே அக்கடப்பின் நினைவாக நிற்பது. யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த யானை விற்பனைக்குக் கோல்கொண்டா, வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வணிகர் வந்தனர். நீர் தேக்கிய குளங்களே அவ்வழியின் தங்குமிடங்கள். தீனி வெட்டி உதவிய ஊரவரின் கட்டாய ஊழியமே அவ்வாணிகத்தின் கண்ணுக்குத் தெரியாத முதல்.

இம்முதல் வட்டி கேட்டது. யாழ்ப்பாணத்து ஒல்லாந்தக் கொமாண்டராயிருந்த ஹென்றிக் சுவார்டெக்குறூன் 1697இல் எழுதிவைத்த நினைவேட்டில், வன்னியர் செலுத்த வேண்டிய யானைத் திறை நிலுவையாய்க் கிடப்பது பற்றிய கவலை வெளிப்படுகின்றது. கும்பனியின் எழுத்தர் இதனைச் சோம்பல் என்றும் வஞ்சகம் என்றும் எழுதினர். வன்னியரின் பக்கத்திலிருந்து பார்ப்பின் வேறொன்று தோன்றும். யானை பிடிக்கும் உழைப்பு அவர்களுடையது, வழிச்செலவு அவர்களுடையது, விற்பனை ஊதியம் கும்பனியினுடையது. அத்தகைய கொடுக்கல்வாங்கலில் நிலுவை விழாதிருப்பின் அதுவே வியப்பு. ஒல்லாந்தர் கழுத்தை இறுக்கக் கருதி ஆனையிறவு, பெஸ்கூட்டர், பைல் என்னும் சிறு கோட்டைகளைக் கரைவழியே அமைத்தனர். குடாநாட்டுக்குள் எது வருகிறது, எது போகிறது என்பதை எண்ணுவதே அக்கோட்டைகளின் அன்றாட வேலை. 1780களில் வன்னியை அவர்கள் நேரடியாகவே கைக்கொண்டனர். முல்லைத்தீவிலிருந்து அதனை நிருவகித்த தோமஸ் நாகெல் 1793இல் எழுதிய வன்னி பற்றிய அறிக்கை, நெற்செய்கையைப் பெருக்குவதிலும் கருத்தூன்றியது. யானை நிலம் நெல் நிலமாகத் திரும்பிய காலம் அது எனலாம்.

1803இன் நிகழ்ச்சிகள் நம் மாணவர் அறிந்தவையே. ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். ஒக்டோபர் 31இல் ஒட்டுசுட்டானுக்கு அணித்தாய கற்சிலைமடுவில் தோல்வியுற்றான். வீரக்கதையாக இதனைச் சொல்வது வழக்கம். யாம் அதனைக் குறைகூறவில்லை. ஆயினும் வழிகளின் வரலாற்றை ஆராய்வோன் மற்றொன்றையும் குறித்துக்கொள்வான். கோட்டையை இழந்த ஆங்கிலப் படையினர் தப்பிச் சென்றது கடல்வழியாக. கடல் அவர்கள் கையில் இருந்தது. திரும்பி வந்தபொழுது வெவ்வேறு திசைகளிலிருந்து தரைவழியே படைகளைச் செலுத்தினர். காட்டின் நடுவே இருந்தவனுக்குப் புதிய படையும் மருந்தும் வரக்கூடிய துறை ஒன்றும் இல்லை. அந்தப் போரில் வெடிமருந்தினும் வழியே வலிது என்று கொள்ளல் தகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அன்றாட வாணிகம் இத்துணை ஆரவாரம் அற்றது. ஆயினும் செய்தி மிக்கது. குடாநாடு தனக்கு வேண்டிய நெல்லை ஒருபொழுதும் முற்றாக விளைத்ததில்லை. குறையைச் சோழமண்டலக் கரையிலிருந்து தோணிகளும், வன்னியிலிருந்து வண்டில்களும் நிரப்பின. வன்னியிலிருந்து நெல், தேன், மெழுகு, நெய், தோல், பாலை முதிரை முதலிய மரங்கள் வடக்கே சென்றன. யாழ்ப்பாணத்து வீடுகளின் வளைகளையும் தூண்களையும் நோக்குவோர் வன்னிக் காட்டையே நோக்குகின்றனர். எதிர்த்திசையில் உப்பு, கருவாடு, புகையிலை, பனங்கட்டி, புடைவை ஆகியன சென்றன. வண்டில் போகாத ஒற்றையடிப் பாதைகளில் பொதிமாடுகள் சாரிசாரியாய்ச் சென்றன. அச்சாரியைத் தவளம் என்பர். பொதிமாடு ஒன்று சுமப்பது சிறிது. ஆயின் அதற்குப் பாலம் வேண்டா, கல்லிட்ட தெரு வேண்டா, எரிபொருள் வேண்டா. வழியோரப் புல்லே அதன் எரிபொருள். பெருந்தெருக்கள் வந்தபின் தவளம் மறைந்தது. தெரு சென்று சேராத ஊர்களுக்கு அதன் இடத்தை நெடுங்காலம் வேறொன்றும் நிரப்பவில்லை. முன்னேற்றத்தின் கணக்கில் இத்தகைய இழப்புகளை யாரும் எழுதுவதில்லை.

ஆங்கிலேயர் அமைத்த கண்டி யாழ்ப்பாணப் பெருந்தெரு, நிலத்தை நடுவே பிளந்து சென்றது. வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்னும் பெயர்கள் அத்தெருவின்மேல் மணிகளாய்க் கோக்கப்பட்டன. அதற்குமுன் வன்னியின் தலைமை கடலோரத்து முல்லைத்தீவில் இருந்தது. பின்னர் அது மெல்ல உள்நாட்டு வவுனியாவுக்குப் பெயர்ந்தது. 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் வருணிக்கும் நிலம், காய்ச்சலாலும் குடிக்குறைவாலும் நலிந்த நிலம். பெருந்தெரு போடப்பட்டது யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைப்பதற்கு. வன்னி அத்தெருவுக்குக் கடவையாயிற்று.

புகையிரதம் வந்த கதையும் அத்தகையதே. பொல்காவலையிலிருந்து குருநாகல் வரையான பாதை 1894இல் முடிந்தது. வடக்கில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902இல் வண்டி ஓடத் தொடங்கியது. இரு நுனிகளும் முன்னே முடிய, நடுவே வன்னிக்காடு எஞ்சியது. அந்த இடைவெளியை 1905 சனவரியில் கடந்தவர்களுள் ஒருவர், யாழ்ப்பாணக் கச்சேரிக்கு உத்தியோகம் ஏற்க வந்த இளைஞர் லெனாட் வூல்ஃப். அநுராதபுரம் வரை புகையிரதம். அதற்கப்பால் தபால் வண்டி. வண்டி என்பது மாட்டுவண்டியே. தபால் மூட்டைகள் கீழே, அவற்றின்மேல் பயணிகள் படுத்துக்கொள்ள வேண்டியது. நாயொன்றும் வொல்தேயரின் நூல்கள் 90 தொகுதிகளும் அவருடைய உடைமைகள் என்பது அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் தந்த செய்தி. வொல்தேயரும் வன்னிக் காட்டை மாட்டின் வேகத்திலேயே கடக்க நேர்ந்தது! அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை பாதை தொடர்ந்தது. வழிப்பயணம் நாட்களிலிருந்து மணிகளுக்குச் சுருங்கியது.

வன்னிக்கு அதனால் விளைந்த நன்மை உடனே வரவில்லை. கொண்டுசெல்ல வண்டி வந்துவிட்டது. கொண்டுசெல்வதற்குச் சரக்கு வேண்டுமே. அச்சரக்கை உண்டாக்கியது இரணைமடுக் குளம். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய வேலை 1920இல் முடிந்தது. பின்னர் அணைக்கட்டு பன்முறை உயர்த்தப்பட்டது. குளம் முடிந்தும் குடிகள் வரவில்லை, காய்ச்சல் அஞ்சியிருந்தது. 1936இல் குடாநாட்டின் நிலமற்றோர்க்கும் வேலையற்றோர்க்குமான குடியேற்றமாகக் கிளிநொச்சி தொடங்கியது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டு அட்டை வந்தது. அதுவரை காடு என்று இகழப்பட்ட வன்னி களஞ்சியம் என்று புகழப்பட்டது. பட்டினி வந்தபொழுதே வன்னியின் அருமை தெரிந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1940களின் பிற்பகுதியில் டீ.டீ.ற்றி தெளிப்பினால் மலேரியா அடங்கிற்று. அதன்பின் வட்டக்கச்சி, இராமநாதபுரம், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குடியேற்றங்கள் பெருகின. ஆனையிறவு உப்பளத்து உப்பை அயலிலேயே பயன்படுத்திக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்யும் தொழிற்சாலை 1950களில் பரந்தனில் எழுந்தது. மூலப்பொருள் ஒருபுறம், புகையிரதம் மறுபுறம் அமைந்த அந்த இடத்தேர்வு பாராட்டத்தக்கது. வன்னிப் பொருளை வன்னியிலேயே மதிப்பேற்றி அனுப்பிய முயற்சிகளுள் அது தலையாயது. போர் அதனை அழித்தது.

1971இல் நெற் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. உழவனுக்கு நிச்சயமான விலையும் நெல்லுக்கு நிச்சயமான கூடாரமும் கிடைக்கும் என்பது அதன் நோக்கம். அதே பத்தாண்டில் அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தனியார் கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது; தெருக்களில் மறிப்புகள் தோன்றின; பயணிகளின் பைகளும் சோதிக்கப்பட்டன. மற்றொருபுறம் மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டதால் வன்னித் தோட்டக்காரர் முன் காணாத வருவாயைக் கண்டனர். கல்வீடும் உழவு இயந்திரமும் அவ்வருவாயின் பயன்கள். 1977இல் இறக்குமதி திறக்கப்பட்டதும் அவ்வருவாய் சரிந்தது. மறிப்பும் திறப்பும் கொழும்பிலே தீர்மானிக்கப்பட்டன; அவற்றின் பயனை நுகர்ந்தவனும் துன்பத்தை நுகர்ந்தவனும் வட்டக்கச்சியில் இருந்தான்.

இனி எழுதவிருப்பது இன்னும் பலர் நினைவில் உள்ள காலம். ஆகவே சுருங்கச் சொல்வேம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. பெருந்தெருவும் மூடப்பட்டது. பெற்றோல், டீசல், சீமெந்து, பற்றரி, உரம் முதலான பொருள்கள் வன்னிக்குச் செல்லாதவாறு தடையிடப்பட்டன. தாண்டிக்குளத்துக்கு அப்பால் மக்கள் சுமையோடு நடந்தனர். வடக்கே செல்வோர் இரவில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தனர். அக்கடப்பில் உயிரிழந்தோர் பலர். பாதையின் விலையை மனித உயிரால் அளந்த காலம் அது.

அத்தடையினூடே பிறந்த ஒழுங்குகளை வரலாற்றாசிரியர் புறக்கணித்தல் ஆகாது. கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் சிறிதளவு பெற்றோலால் இயக்கப்பட்டு, பின் மண்ணெண்ணெயில் ஓடின. போத்தலின் அடியில் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கில் மாணவர் படித்தனர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். எல்லாவற்றிலும் மேலாகத் துவிச்சக்கர வண்டியே சரக்கு வண்டியாயிற்று: நெல் மூடை, விறகு, தேங்காய், நோயாளி யாவும் அதன்மேற் சென்றன. முந்தைய நூற்றாண்டின் தவளம் இரும்புருவில் திரும்பி வந்தது போலும். நிவாரண உணவை அரசாங்க அதிபர்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாகப் பங்கிட்டனர். ஊர்தோறும் இருந்த சங்கக்கடையும் அதன் பங்கீட்டுப் பதிவேடும் இல்லாதிருப்பின், 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தினின்றும் பெயர்ந்து வன்னி வந்த பெருந்தொகையினர்க்கு உணவளித்தல் எங்ஙனம் இயன்றிருக்கும்? சமாதான காலத்தில் நட்டக்கணக்கென்று ஏளனம் செய்யப்பட்ட நிறுவனம் இடுக்கண் காலத்தில் உயிர்க்குழாய் ஆயிற்று.

வழியின் பெயராலேயே ஒரு பெரும்போரும் நிகழ்ந்தது. 1997 மே 13இல் அரச படைகள் தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கையின் குறிக்கோள், வவுனியாவிலிருந்து வடக்கே தரைவழியைத் திறப்பது. ஓராண்டுக்கு மேல் நீடித்தும் அது நிறைவேறவில்லை. 1998 திசெம்பரில் கைவிடப்பட்டது. பல்லாயிரம் படைக்கலங்களால் திறவாத வழி, 2002இன் போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து அவ்வாண்டு ஏப்பிரில் 8இல் திறந்தது. லொறிகள் வந்தன, மீன் தெற்கே சென்றது, சீமெந்து வடக்கே வந்தது. ஆயினும் ஓமந்தையில் இராணுவச் சோதனை, பின் விடுதலைப் புலிகளின் சோதனையும் வரியும், முகமாலையில் மீண்டும் சோதனை. ஒரே சரக்கை இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றியதில் அழுகிய காய்கறியின் நட்டம் எவர் கணக்கிலும் பதியப்படவில்லை. அது உழவனின் விலையிற் கழிந்தது. யானைத் திறை நிலுவையைப் பற்றிய ஒல்லாந்தரின் புலம்பலைப் படித்தவர்க்கு இது புதிதன்று: வழியைக் காப்பவர் யாவராயினும் வழிச்செல்வோனிடம் கூலி கேட்பர். 2006 ஓகஸ்ட் 11இல் அவ்வழி மீண்டும் மூடப்பட்டது.

2008 செப்தெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு நீங்கின. ஒக்டோபர் முதல் 2009 சனவரி வரை உலக உணவுத் திட்டத்தின் லொறித்தொடர்கள் பதினொன்று உள்ளே சென்றன. பின் தரைவழி அடைபட்டது. பெப்ருவரி முதல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு அமர்த்திய கப்பல் புதுமாத்தளன் கரையோரம் வந்து காயமுற்றோரை ஏற்றிச் சென்றது. ஓரளவு உணவும் கடல்வழியே வந்தது. துறைமுகம் இல்லாத கரையென்று மேலே கூறினோம்; கப்பல் அப்பால் நிற்க, சிறு வள்ளங்களிலேயே காயப்பட்டோரைக் கொண்டுசென்றனர். இக்காலத்தைப் பற்றி எழுதப்பட்டவை பல. வழங்கலை ஆராய்வோன் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அனுப்ப வேண்டிய உணவின் அளவு, உண்போரின் தொகையைப் பொறுத்தது. அவ்வாண்டு பெப்ருவரியில் உள்ளே இருப்போர் ஏறத்தாழ 70,000 பேர் என அரசாங்கம் கூறியது. உள்ளே கடமையிலிருந்த அரச அலுவலர் அதனிலும் பன்மடங்கு கூறினர். போர் முடிந்தபின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். குறைத்து எழுதிய ஓர் எண், மூடிய ஒரு தெருவினும் கொடிது. குடிசன மதிப்பு, வாக்காளர் இடாப்பு, பங்கீட்டு அட்டை என்பவற்றை வறண்ட காகிதங்கள் என்று கருதும் இளைஞர் இதனை மறவாதிருப்பாராக.

போருக்குப் பின் பெருவழிகள் விரைந்து திருத்தப்பட்டன என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பெருந்தெரு செப்பனிடப்பட்டது. 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டமையால், பூநகரி வழியே குடாநாட்டுக்கு இரண்டாவது தரைவழி கிடைத்தது. ஆனையிறவின் தனியுரிமை அன்று முடிந்தது. புகையிரதம் 2011இல் ஓமந்தைக்கும், 2013 செப்தெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் சென்றது. இந்திய அரசின் கடனுதவியுடன் இந்திய நிறுவனம் ஒன்று அப்பாதையை அமைத்தது. பயணிகள் மகிழ்ந்தனர். சரக்கோ பெரும்பாலும் லொறியிலேயே செல்கின்றது. நெல்லும் சீமெந்தும் ஏற்றிய சரக்கு வண்டிகள் முன்பு நின்ற தங்குதரிப்புகள் பல இப்பொழுது பயணிகளை மாத்திரமே அறியும்.

லொறியை மாத்திரம் நம்பியதன் இடரை 2021, 2022ஆம் ஆண்டுகள் காட்டின. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது காலபோக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி வற்றியதால் டீசல் இல்லை. அறுவடை இயந்திரம் முதல் மீன்பிடி வள்ளம் வரை யாவும் எண்ணெய் வரிசையில் நின்றன. வன்னியின் மூத்தோர்க்கு இது பழகிய காட்சி. உரமும் எரிபொருளும் இல்லாக் காலத்தை அவர் முன்பே கண்டிருந்தனர். முன்னே தடையால் வந்தது, பின்னே பிழையான கொள்கையால் வந்தது. அடுப்பங்கரைக்கு அவ்வேறுபாடு தெரியாது.

வன்னியின் இன்றைய நெல் வாணிகத்தின் பெருங்குறை வழியிலன்று, வைப்பிடத்திலும் ஆலையிலும் உளது. அறுவடை இயந்திரம் ஒரே கிழமையில் ஒரு வெளியை வெட்டிவிடுகின்றது. ஈரம் காயாத நெல்லைக் காயவைக்கத் தளமும் சேமிக்கக் களஞ்சியமும் போதா. கடன் பட்டவன் களத்திலேயே விற்கின்றான். அந்நெல் தென்திசைப் பேராலைகளுக்குச் சென்று, அழகிய பையில் அரிசியாகக் கிளிநொச்சிக் கடைக்குத் திரும்பி வருகின்றது. போக்குக்கூலி இருமுறை; தவிடும் உமியும் மதிப்பேற்றமும் வேற்றூர்க்கு. மீனின் நிலையும் வேறன்று: பனிக்கட்டி வைத்திருப்பவனே முல்லைத்தீவுக் கரையில் விலை கூறுகின்றான். நாட்டுப் பொருளாதாரம் முன்னேறத் தெரு ஒன்றே போதும் என்பார், தெரு இரு திசையும் செல்லும் என்பதை எண்ணுவதில்லை. செல்வம் உட்புகவும் அது வழிதான். வெளியேறவும் அது வழிதான்.

சந்தை ஒன்று அமைக்க முயன்ற கதை நம்மவரின் குறையையும் காட்டுவது. வடக்கின் விளைபொருள்களுக்கான பொருளாதார மத்திய நிலையத்தை வவுனியாவில் அமைக்க அரசாங்கம் முன்வந்தபொழுது, அது ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்ற வழக்கு 2016இல் மாகாண சபையையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் பிரித்தது. ஈற்றில் வேறோர் இடத்தில், மூன்றுமுறிப்பில், அது கட்டப்பட்டது. கட்டி முடித்தும் ஆண்டுக்கணக்கில் அது பூட்டிக் கிடந்தது. அநுராதபுரம், திருகோணமலை, மன்னார், யாழ்ப்பாணம் என நாற்றிசைத் தெருக்களும் கூடும் ஊர் வவுனியா. சந்தைக்கு அதனிற் சிறந்த இடம் வடக்கில் இல்லை. இடம் சிறந்ததாயிருந்தும் சந்தை திறவாமைக்கு ஒல்லாந்தரையோ ஆங்கிலேயரையோ குறைகூற இயலாது. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தில் எழுந்த பிணக்கும் இதற்கு ஒப்பானதே. நீரும் ஒரு சரக்கே. அதனை அனுப்புவோனுக்கு என்ன கிடைக்கும் என்று கிளிநொச்சி உழவர் கேட்டது நியாயம். விடை வருமுன் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் எழுந்து 2024இல் திறக்கப்பட்டது.

வன்னியை ஊடறுத்துச் செல்லும் வழிகளுக்கும் வன்னிக்குள்ளே செல்லும் வழிகளுக்கும் உள்ள வேற்றுமையை அறிய விரும்புவோர், பெருந்தெருவை விட்டுப் பரந்தனிற் கிழக்கே திரும்பி முல்லைத்தீவு செல்க. நந்திக்கடலின் வாயிலில் வட்டுவாகற் பாலம் உளது. ஒரு வாகனம் செல்கையில் எதிர்வருவது காத்து நிற்க வேண்டிய ஒடுங்கிய பழம்பாலம். மாரியில் வெள்ளம் அதன்மேற் பாயும். 2009 மே மாதத்தில் பெருந்திரளான மக்கள் கையிற் பிடித்தவற்றோடு நடந்து கடந்த பாலமும் அதுவே. தலைநகரிலிருந்து வடமுனைக்குச் செல்லும் பாதைகள் சில ஆண்டுகளில் புதுக்கப்பட்டன. இப்பாலத்துக்குப் பதிலாகப் புதியதொன்றை அமைக்கும் வேலை தொடங்கியது 2025 செப்தெம்பரில், மக்கள் அதனை நடந்து கடந்து பதினாறு ஆண்டுகளின் பின்.